அய்யாவு அண்ணனின் புதுப் பாட்டுகள்

லாபிஸ்
8 அக்டோபர் 2024

அன்புள்ள குணாளன் அண்ணனுக்கு,

பேட்ரிசியா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் என்னைத் தபால் தலை வாங்க வைத்த ஒரே ஆள் நீங்கள்தான். ரசிகர் மன்றத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கினீர்கள், சரி. என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டால் உங்களை நான் எப்படித்தான் திட்டுவது? தபால்காரரை பிளாக் செய்ய முடியாதல்லவா, அதனால் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

சனிக்கிழமை ஸ்கூடாயில் நடந்ததைத்தான் சொல்கிறேன். "அய்யாவு பாடுகிறார்" என்று நோட்டீஸ் அடித்தது யார்? நீங்கள். அய்யாவு பாடினாரா? இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேடையில் உட்கார வைத்த மனிதரை ஆறு மணி வரைக்கும் பொன்னாடை போர்த்தியே புழுங்க வைத்தீர்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. தொகுதி ஒய்.பி. வரத் தாமதமாகிறது என்று இன்னொரு வாழ்த்துரை. தலைவர் வீரமுத்து மைக்கைப் பிடித்தாரே, அய்யாவு அண்ணனைப் பற்றிப் பேசினாரா, தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிப் பேசினாரா? அய்யாவு அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சுருதி சேர்ப்பதும், அடுத்த பொன்னாடை வந்ததும் கீழே வைப்பதுமாக இருந்தார். கடைசியில் ராத்திரி கல்யாண விருந்துக்கு மேசை போட ஆட்கள் வந்து நின்றார்கள்.

அதைக்கூட மன்னிப்பேன். அந்த நேரத்தில் நீங்கள் செய்தது இருக்கிறதே! மனிதர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் ஸ்பீக்கரில் "பெரட்டு மணி" கேசட்டைப் போட்டீர்கள். அவருடைய நாற்பது வருஷத்துக்கு முந்தைய குரல். எல்லாரும் எழுந்து கூடவே பாடிக் கைதட்டினீர்கள். யாருக்கு அண்ணே கைதட்டினீர்கள், ஸ்பீக்கருக்கா?

காரில் லாபிஸுக்கு நான்தான் அவரை அழைத்து வந்தேன். யோங் பெங் தாண்டியதும் ஒரே ஒரு வார்த்தை: "பேட், புதுப் பாட்டு ஒன்பது வச்சிருந்தேன்மா." அவ்வளவுதான். எனக்கு ஸ்டியரிங்கையே கடிக்க வேண்டும்போல் இருந்தது.

நவம்பர் 29 அன்று மகள் ரூபினி அவரைப் பெர்த்துக்கு அழைத்துப் போகிறாள். எழுபத்தேழு வயசு. திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த ஒன்பது பாட்டும் இங்கே இருக்கிற நமக்காக எழுதினது. பெர்த்தில் யாருக்குப் பாடுவார், கங்காருவுக்கா? போவதற்குள் ஒரு தடவை அவர் அதை முழுசாகப் பாட வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்.

கோபத்துடன்,
பேட்ரிசியா


ஸ்கூடாய்
15 அக்டோபர் 2024

திருமதி பேட்ரிசியா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இருபது வருடமாக உங்களை 'நீ, வா, போ' என்று தங்கச்சியாகப் பேசியவன், இனி மரியாதையோடு 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். அப்படியாவது என் மனம் எவ்வளவு நொந்திருக்கிறது என்று உங்களுக்குப் புரியட்டும்.

விழாவுக்கு நான் அலைந்தது உங்களுக்குத் தெரியுமா? மண்டபத்துக்கு நான், சாப்பாட்டுக்கு நான், ஒய்.பி. ஆபீசுக்கு நான். தொழிற்சாலையில் லீவு எடுத்து, என் மனைவி ஷாமளாவிடம் பேச்சு வாங்கி, நாயாக உழைத்தேன். பொன்னாடை போர்த்த வந்தவர்களை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒருவருக்கு அனுமதித்து இன்னொருவருக்கு இல்லை என்றால் அடுத்த கூட்டத்தில் என் சட்டையைப் பிடிப்பார்கள். லாபிஸில் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம்.

கேசட் போட்டது என் யோசனைதான், மறுக்கவில்லை. ஜனங்கள் எதற்கு வந்தார்கள்? "பெரட்டு மணி" கேட்க வந்தார்கள். கோத்தா திங்கியிலிருந்து, மழையில், வேன் பிடித்து வந்தவர்களை அது இல்லாமல் அனுப்ப முடியுமா? அந்தப் பாட்டு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயசு. தோட்டத்தில் விடியற்காலை ஐந்துக்குத் தண்டவாள மணி அடித்ததும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, ஆள் கணக்கெடுக்கிற கிராணி என் பேரைக் கூப்பிட 'இருக்கேன்' என்று சொன்னவன் நான். அதைப் பாட்டாக யாராவது பாடுவார்கள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. என் உயிர் அந்தப் பாட்டு.

புதுப் பாட்டுகளைப் பற்றி உண்மையைச் சொல்லட்டுமா? நீங்கள் குழுவில் போட்டீர்களே, மாத்திரை டப்பா பற்றி ஒன்று. அரைவாசிதான் கேட்டேன். குரல் கரகரவென்று இருக்கிறது. தாளம் இல்லை. வயசான மனுஷர் வீட்டில் உட்கார்ந்து முனகுகிற மாதிரி இருக்கிறது. அதை நான் சொன்னதற்குத்தானே "உங்க காதுல பஞ்சா இருக்கு" என்று எல்லாரும் பார்க்க எழுதினீர்கள்? அதனால்தான் தூக்கினேன். மன்றம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும்.

இப்படிக்கு,
ச. குணாளன்
செயலாளர், அய்யாவு பாட்டு ரசிகர் மன்றம்


லாபிஸ்
21 அக்டோபர் 2024

செயலாளர் அண்ணனுக்கு,

'திருமதி'யாம், 'அவர்களுக்கு'வாம். அலமாக்! படித்துவிட்டு கிளினிக்கில் வாய்விட்டுச் சிரித்ததில் ஊசி போட வந்தவர் பயந்துபோனார்.

அரைவாசி கேட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? மீதியை நான் எழுதுகிறேன், படியுங்கள்.

திங்கள் அறையில ரெண்டு வெள்ளை
செவ்வாய் அறையில ஒண்ணு மஞ்சள்
புதனைத் தொறந்தா காலி கெடக்கு
நேத்தே தின்னேனா, நாளைக்கா?

ஏழு அறைக்கும் மூடி இருக்கு
எல்லாம் சரியா அடைச்சிருக்கு
அடைச்சுக் கொடுத்த கையைத்தான்
எந்த அறையில தேடுவேன்?

மாத்திரை அடைத்துக் கொடுத்தது ராஜம்மா அக்கா. அக்கா போன மறு மாசம் அண்ணன் எழுதினது. முனகுகிறாராம்! பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்த மனுஷன் கும்மி அடித்துக்கொண்டா பாடுவார்?

உங்கள் பெரட்டு மணி எனக்கும் பிடிக்கும். யார் இல்லை என்றது? ஆனால் அதை எழுதினவர் அதற்கப்புறமும் உயிரோடுதானே இருக்கிறார்? கல்யாணம் கட்டினார், தோட்டம் வித்த பிறகு டவுனுக்கு வந்தார், லாரி ஓட்டினார், இப்போது கண் மங்கி உட்கார்ந்திருக்கிறார். அதையெல்லாம் பாட அவருக்கு உங்கள் மன்றத்தில் தீர்மானம் போட வேண்டுமா?

நவம்பர் 15, வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்கு எங்கள் லாபிஸ் மாதா கோயில் மண்டபத்தில் அவர் பாடுகிறார். சாமியார் இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நாற்காலி இருக்கிறது. ஆள்தான் இல்லை. ஆட்களின் போன் நம்பரெல்லாம் உங்கள் கையில். சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நானும் கோயில் பாடகர் குழுவும் மட்டும் உட்கார்ந்து கேட்போம், அவர் பாடிவிட்டுப் போவார், நீங்கள் கேசட்டைக் கட்டிக்கொண்டு அழுங்கள்.

தீபாவளி வாழ்த்துகள். அண்ணிக்கு மட்டும்.

பேட்ரிசியா


ஸ்கூடாய்
4 நவம்பர் 2024

பேட்ரிசியா,

'நீங்கள்' எழுதிக் கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் லாபிஸ் வந்தேன். உன்னைப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவுமில்லை. முறுக்கு டின்னோடு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். எனக்கு அவரிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "குணா, நீ நடத்தின விழா நல்லா இருந்துச்சுடா." அதைக் கேட்டு வந்து உனக்கு எழுதி உன் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன்.

வீடு பாதி காலி. பெட்டி கட்டிக் கிடக்கிறது. அண்ணன் அடுக்களையில் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். விழாவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "வந்தது நல்லதாப் போச்சு, உக்காரு, ஒண்ணு பாடிக் காட்றேன்" என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தார். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தில் காத்துக் கிடப்பதைப் பற்றிய பாட்டு. நான் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன், "அண்ணே, சுருதி இறங்குது" என்று. பாடினார். "அண்ணே, இங்க ஒரு கோரஸ் வச்சா எடுக்கும்" என்றேன். மறுபடி பாடினார். "அண்ணே, பழைய மாதிரி கொஞ்சம் வேகமா" என்று மூன்றாவது தடவை வாயெடுத்தேன், பேட். அவ்வளவுதான்.

கிட்டாரைச் சோற்றுப் பானை பக்கத்தில் வைத்தார். "டேய், உனக்கு என் பாட்டு வேணாம்டா. உன் பதினெட்டு வயசு வேணும். அது எங்கிட்ட இல்ல, போய் வேற எங்கயாச்சும் தேடு" என்று கத்தினார். என்னை நோக்கிக் கத்தினார்! அவருக்காக நான் எத்தனை வருஷம் நாற்காலி தூக்கியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயசில் அடுக்களையில் நின்று திட்டு வாங்கினேன். அப்புறம் அவரே மீனை எடுத்து வைத்து "சாப்பிட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன். உப்பா காரமா ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஷாமளாவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "சரியாத்தானே கேட்டிருக்காரு" என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

எனக்கு எரிச்சலாக வருகிறது. உன் மேல், அவர் மேல், ஷாமளா மேல். அந்த மாத்திரைப் பாட்டு வேறு, நீ எழுதி அனுப்பினாயே, குளிக்கும்போது வந்து நிற்கிறது. இப்போது உனக்குத் திருப்தியா?

குணாளன்


லாபிஸ்
8 நவம்பர் 2024

அண்ணே,

திருப்திதான். ரொம்பத் திருப்தி.

நீங்கள் போன பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். "குணாவைக் கத்திட்டேன், அவன் முகம் சுருங்கிப் போச்சு" என்று காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். உங்கள் மேல் பாசம் இருக்கிறது அவருக்கு. எனக்குத்தான் ஏன் என்று விளங்கவில்லை.

பதினைந்தாம் தேதி வாருங்கள். ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நிபந்தனை இதுதான்: பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், வீரமுத்து அண்ணன் கையில் மைக் வேண்டாம். அவர் பாடுவதை நடுவில் நிறுத்தி யாரும் "பெரட்டு மணி" கேட்கக் கூடாது. மானத்தை வாங்காதீர்கள்லா, கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சுவது உங்களுக்குப் புதுசாக இருக்கும்.

பேட்


ஸ்கூடாய்
17 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி பேட்ரிசியாவுக்கு,

முந்தாநாள் கூட்டத்தில் உன்னோடு நின்று பேச நேரமில்லை, பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அதனால் எழுதுகிறேன். எப்படி என் ஏற்பாடு? ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினேனா இல்லையா? வீரமுத்து இரண்டு பொன்னாடையைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். பஸ்ஸிலேயே பிடுங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

ஒன்பது பாட்டும் கேட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நான்கு எனக்குப் பிடிக்கவில்லை. பாலத்துப் பாட்டு இன்னும் நீளம்தான். ஆனால் அந்த மாத்திரைப் பாட்டு! அதை அவர் வாயால், அந்தக் கரகரத்த குரலில் கேட்டபோதுதான் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. பக்கத்தில் ஷாமளா என் கையைப் பிடித்தாள். முப்பது வருஷத்தில் நாலு பேர் நடுவில் அவள் என் கையைப் பிடித்ததில்லை. இரண்டு பேரும் எதிரே பார்த்துக்கொண்டு அழுதோம். போதுமா? என் கையால் எழுதி வாங்கிவிட்டாய்.

கடைசியில் நான் செய்ததைப் பார்த்தாயல்லவா? ஒன்பதும் முடிந்து அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, இப்போ பெரட்டு மணி" என்று கிட்டாரைத் தொட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், நமக்காக இறங்கி வருகிறார். பழைய பாட்டு இல்லாமல் போனால் நாம் ஏமாந்து போவோம் என்று நினைக்கிறார். உடனே எழுந்து, "வேணாம்ணே! பழசு வேணாம்! இன்னிக்கு நாங்க புதுசு கேக்கத்தான் வந்தோம்!" என்றேன். பஸ் ஆட்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தார்.

நாற்பது வருஷத்தில் "பெரட்டு மணி" வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நான், யோசித்துப் பார். நீ ஏன் தூணோரம் நின்று என்னை அப்படி முறைத்தாய்? இனிமேலாவது இந்தக் குணாளனுக்குக் காது இல்லை என்று சொல்லாதே.

பாசத்துடன்,
அண்ணன் குணாளன்


லாபிஸ்
21 நவம்பர் 2024

குணாளன் அண்ணே,

உங்களை என்ன செய்வது? நிஜமாகக் கேட்கிறேன். திட்டினால் ஒரு மாதிரி தப்புச் செய்கிறீர்கள், திருந்தினால் வேறு மாதிரி செய்கிறீர்கள்.

அவர் இறங்கி வரவில்லை. பெரட்டு மணிக்குப் புதுசாக ஒரு சரணம் எழுதியிருக்கிறார். செப்டம்பரில் ஆரம்பித்து, அடித்து அடித்து எழுதி, அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் முடித்தார். "இதைக் கடைசியா பாடணும். குணா பாத்துக்கிட்டு இருக்கணும். அவங்கிட்ட சொல்லிடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தப் பாட்டை உங்களை மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். உங்கள் ஆட்களுக்கென்று, உங்கள் பாட்டிலேயே எழுதினார். நீங்கள் எழுந்து நின்று, கையை ஆட்டி, வேண்டாம் என்றீர்கள். கைதட்டல் வேறு.

தூணோரம் நின்று நான் முறைத்தது அதனால்தான். கத்தலாமா என்று பார்த்தேன், சத்தியம் குறுக்கே வந்தது. நீங்கள் போன பிறகு அவரிடம், "நீங்க சொல்லியிருக்கலாம்ல, இது புதுசுன்னு?" என்று கோபமாகக் கேட்டேன். "எல்லாரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க, எதுக்கு கெடுக்கணும்?" என்றார். அவரையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ராத்திரி அழுதேன், அண்ணே. உங்களைப் பிடித்து ஆற்றில் தள்ள வேண்டும் என்று இருந்தது, உங்களை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

இப்போது சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். சரணத்தை இதில் எழுதி அனுப்ப மாட்டேன். அது நீங்கள் படிக்க வேண்டியதில்லை, அவர் பாட வேண்டியது.

29ஆம் தேதி காலை செனாய் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து பெர்த். நான் லீவு கேட்டேன், கிளினிக்கில் கிடைக்கவில்லை. நீங்கள் போங்கள். ஸ்கூடாயிலிருந்து பக்கம்தானே. தனியாகப் போங்கள், மன்றத்தை அழைத்துப் போகாதீர்கள். போய், வாயை மூடிக்கொண்டு, பாடச் சொல்லிக் கேளுங்கள்.

பேட்ரிசியா


ஸ்கூடாய்
30 நவம்பர் 2024

பேட்ரிசியா,

போனேன். தனியாகத்தான் போனேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ஷாமளா படித்துவிட்டு, காலண்டரில் 29ஆம் தேதியை வட்டம் போட்டாள்.

விடியற்காலையிலிருந்து கொட்டுகிற மழை. கார்கள் நகரவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது பெட்டி எல்லாம் உள்ளே போய்விட்டது. கிட்டாரும் போய்விட்டது. அண்ணன் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரூபினி கடவுச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடா, நனைஞ்சிட்டியா?" என்றார். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வரவில்லை. "அண்ணே, பெரட்டு மணி" என்றேன்.

"பேட் சொல்லிட்டாளா?" என்றார். தலையாட்டினேன். "அவ வாயில எதுவும் நிக்காது" என்று சிரித்தார்.

கிட்டார் இல்லாமல், நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டு பாடினார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது, அதனால் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பாடினார். முதல் அடிகளை நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். அது நம் வழக்கமல்லவா, இரண்டாவது வரி தொடங்கி அந்தப் பாட்டை அவர் தனியாகப் பாட நாங்கள் எந்த மேடையிலும் விட்டதில்லை. வீட்டில் கேசட் போட்டாலும் கூடவே பாடுகிறவன் நான். கடைசிச் சரணம் முடிந்ததும் பழக்கத்தில் மறுபடி முதலடிக்கு வாயைத் திறந்தேன். அவர் நிறுத்தவில்லை, மேலே போனார்.

மணி அடிச்ச தண்டவாளம்
பழைய இரும்புக் கடையில
அஞ்சு மணி முழிப்பு மட்டும்
விட்டுப் போகல ஒடம்புல

பேரச் சொல்லிக் கூப்பிடத்தான்
கிராணி யாரும் வரலையே
இருக்கேன்னு சொல்லிப்புட்டேன்
யாரும் என்னைக் கேக்கலையே

எனக்கு வார்த்தை தெரியாது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே குரல் உடைகிறது, எங்கே உடைந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார் என்று எல்லாம் கேட்டது. பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் தன் குழந்தையைச் சத்தம் போடாதே என்று அடக்கினாள். நான் அழுதேனா என்று கேட்காதே.

முடித்துவிட்டு ரூபினியின் தோளைப் பிடித்து எழுந்தார். உள்ளே போகும் வாசல்வரை கூட நடந்தேன். அங்கே நின்று திரும்பி, "என்னடா, நீ கூடப் பாடலையே?" என்றார்.

"வரி தெரியலண்ணே" என்றேன்.

"அப்போ கேட்டிருக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குணாளன்